கண்ணாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், தெருவிலுள்ளவர்களுக்கும், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். நடந்தது என்ன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாலு நாள் எனக்கு நினைவே இல்லை, நீங்கள்தான் வாசலில் கிடந்தீர்கள். அதனால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். சர்க்கரையால் புண் வைத்த இடது பாதம் இருக்கிறது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மூன்று பக்கம் போய்விட்டது. எல்லாருக்கும் வருகிறேன். முதலில் ஒருவருக்கு.

கோயிலில் வடக்கு வாசலுக்கு வெளியே, நிலைப்படியை ஒட்டிச் சாக்கு விரித்து உட்காரும் ஆச்சியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இவ்வளவு இடம் இருக்க அவர் ஏன் வெளியே உட்காருகிறார் என்று உங்களில் அநேகருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் காரணம்.

ஆறு வருஷத்துக்கு முந்தி அறுப்பின் பண்டிகையன்று அவர் செருப்போடு உள்ளே வந்தார். நம் ஊர் வழக்கம் தெரியுமே, எல்லாரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வருவோம். கறுப்பு ரப்பர் செருப்பு, குதிகாலைப் பிடிக்கிற வார் வைத்தது. பெண்கள் சங்கத்துச் செயலாளர் என்கிற மிடுக்கில் நான் போய், "உன் கால்களில் இருக்கிற பாதரட்சையைக் கழற்றிப்போடு" என்று யாத்திராகமத்தை எடுத்து ஒப்பித்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம். அதன் பிறகு இந்த ஆறு வருஷத்தில் நான் அவரிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அந்த ஆச்சி இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்த நாள் அது. ஆரஞ்சு இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை. மடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துப் பல்லால் அவிழ்த்தார். அவருடைய விரல்கள் பாதிதான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே வட்டமான கைக்கண்ணாடி. திருவிழாக் கடையில் விற்கிற, ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்தது.

"டீச்சர், அந்த நல்ல காலக் காட்டுங்க" என்றார்.

மூன்று நாளாக டாக்டர், சிஸ்டர், என் மகன், நான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது கட்டுப் போட்ட இடது காலை. வலது காலை யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆச்சி போர்வையை விலக்கி, கண்ணாடியைக் குதிகாலுக்குக் கீழே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இங்க பாருங்க" என்றார். எட்டணா அகலத்துக்குச் சிவப்பு. மல்லாந்தே கிடந்ததில் குதிகால் மெத்தையில் அழுந்தி, தோல் கன்ற ஆரம்பித்திருந்தது. எனக்கு ஒரு வலியும் இல்லை. சிஸ்டரைக் கூப்பிட்டார். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்குகிற மாதிரி வைத்தார். நாலு நாளில் சிவப்பு வாடிவிட்டது. ஆச்சி அன்று வராமல் இருந்திருந்தால் அந்தக் காலுக்கும் ஒரு மடல் எழுத வேண்டி வந்திருக்கும்.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் காலைக் காட்டித் தந்தார். குதிகால், பாதத்தின் மேடு, ஒவ்வொரு விரலின் அடி, விரலிடுக்கு. வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறின இடம். புறங்கையால் தொட்டு, எங்கேயாவது சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுக் கல், முள் தடவிப் பார்க்க வேண்டும். "நான் ராத்திரி அரை மணி நேரம் தண்ணியில நனைய வச்சு, தேங்காண்ண போடுவேன். உங்களுக்கு அது ஆவாதுன்னு சிஸ்டர் சொல்லுதாவ. நீங்க பாக்க மட்டும் செய்யுங்க. தெனமும் பாக்கணும். நாளைக்குப் பாக்கலாம்னு வச்சிராதீக."

சிறு வயதில் அவருக்குத் தொழுநோய் வந்து, வேலூர்ப் பக்கம் கரிகிரி ஆஸ்பத்திரியில் இருந்து குணமானவர். அதையும் அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். ஊருக்கு அனுப்பும்போது அவரைப் பூனை வளர்க்கச் சொன்னார்களாம். ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாதே! இன்றைக்கும் அவர் வீட்டில் பூனை உண்டு. இதைச் சொல்லிவிட்டு ஆச்சி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன், ஆசிரியர் புத்தி போகுமா? கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை, வலி தெரியாமல் போவதால்தான் சூட்டிலும் முள்ளிலும் எலிக்கடியிலும் விரல்கள் போகின்றன என்று எடுத்துக் காட்டியவர் அவர். சர்க்கரைக் காலிலும் நடப்பது அதேதான். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் பாதத்துக்காக மெத்தென்ற ரப்பரை வைத்துச் செருப்பு செய்தார்களே, அதே எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பைத்தான் டாக்டர் எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள்ளும் அது இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாதாம்.

கறுப்பு ரப்பர், குதிகாலில் வார். ஆம், அதேதான்.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான இந்த லெந்து காலத்தில் நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஒரு வேளைச் சாப்பாடு. மாத்திரையை நிறுத்தினேன், யாரும் சொல்லி நிறுத்தவில்லை, என் சொந்தப் பக்தி. சிமென்ட் தரையில் மணிக்கணக்காய் முழங்கால். மாசி வெயிலில் கோயில் வளாகத்தில் வெறுங்காலோடு நடந்து வீடு வீடாக ஜெபத்துக்குப் போனேன். தரை சுட்டது எனக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கிருபை என்று வேறு நினைத்துக்கொண்டேன். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று எத்தனை வருஷம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! சினிமா பார்க்காதே, சிகரெட் பிடிக்காதே என்பதற்குத்தான் அந்த வசனத்தை எடுப்பேன். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும், ஓடு ஒழுகினால் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்தபோது தூதன் அவனைத் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். புத்திமதி பிறகு, முதலில் அடையும் தண்ணீரும். இதை ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து நடத்தியிருக்கிறேன்.

இனி ஆச்சியின் ஜெபம். ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். நம்மைப் போல "உம்முடைய சித்தமானால்" என்று ஆரம்பிப்பார் என்று கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இந்தம்மா கொஞ்சம் பெருமக்காரிதான். எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். ஆனா முப்பது வருஷம் பிள்ளையளுக்கு நின்னுக்கிட்டே பாடம் சொன்ன காலு. முழங்கால் வரைக்கும் கேக்காவ. அது தர முடியாது. வேணும்னா ரெண்டு விரல எடுத்துக்கிடும். அதுக்கு மேல கேக்கக் கூடாது. ஆமென்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் சிரித்தேவிட்டார். எனக்கு முகம் சிவந்துபோயிற்று. பாளை மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசுகிற மாதிரி ஆண்டவரிடம் பேசலாமா? அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். சோதோம் பட்டணத்தை அழிக்காமல் விட எத்தனை நீதிமான்கள் போதும் என்று ஆபிரகாம் ஐம்பதில் ஆரம்பித்துப் பத்து வரை இறக்கிப் பேசினாரே. நடு ராத்திரியில் மூன்று அப்பம் கேட்டுக் கதவைத் தட்டின சிநேகிதன் கதையில், நம் வேதத்தில் "வருந்திக் கேட்கிறது" என்று இருக்கும் இடத்தில் மூலமொழியில் இருப்பது "வெட்கமில்லாமை" என்று நம் சபைப் போதகர் ஐயர் ஒரு பிரசங்கத்தில் சொன்னது நினைவு வந்தது. "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் நான் சேர்ந்ததெல்லாம் எட்டி நின்று, கிடைக்காவிட்டாலும் மனம் நோகாத அளவுக்குக் கேட்டுத்தான். அதைத் தாழ்மை என்று நம்பியிருந்தேன். ஏமாந்துவிடக் கூடாது என்கிற முன்ஜாக்கிரதை அதில் எவ்வளவு என்று இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன்.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது சுவர்ப்புறமாய் முகத்தைத் திருப்பி அழுது ஜெபித்தார். பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று வாக்கு வந்தது. வந்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி சும்மா இருக்கவில்லை. அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார், பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள். பிளவை! சர்க்கரை உள்ளவர்களுக்கு முதுகில் வருவதை நம் ஊரில் ராஜபிளவை என்று சொல்வார்களே. ராஜாவுக்கு வந்தது எந்த வகையோ, நான் அறியேன். வாக்குக்கு மேல் பற்றும் போட்டார்கள் என்பது மட்டும் எழுதியிருக்கிறது.

டாக்டர் எடுத்தது இரண்டு விரல். இதைச் சாட்சியாகச் சொல்லத் தயங்குகிறேன், காரணம் உண்டு. பக்கத்துக் கட்டில் அம்மாளுக்காகவும் ஆச்சி அதே தொனியில்தான் கேட்டார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த தரம் வந்த ஆச்சி அவர் கட்டிலில் உட்கார்ந்து, "நான் கேட்டது உமக்குக் கேக்கலியா?" என்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டார். கோபித்துவிட்டு அந்த அம்மாளின் மற்றக் காலுக்குக் கண்ணாடி பிடித்தார்.

இப்போது மற்றவர்கள். ஆப்பரேஷன் செய்த டாக்டருக்கும், இரவு டியூட்டி சிஸ்டர்களுக்கும், ரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துப் பையன்களுக்கும், வாடகை வாங்காமல் இருபது தரமாவது போய்வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், சங்கத்துக் காணிக்கையிலிருந்து பணம் அனுப்பிய சகோதரிகளுக்கும், தினமும் வந்த ஐயருக்கும், வளைகுடாவிலிருந்து போன் போட்டு அழுத என் பழைய மாணவனுக்கும் நன்றி. எதிர்வீட்டு அக்கா ரமலான் நோன்பு வைத்துக்கொண்டு, தன் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல், மத்தியானம் எனக்குக் கேப்பைக் களியும் கீரையும் ஆக்கிக் கொடுத்துவிட்டார். உப்புப் பார்க்காமல் எப்படி அவ்வளவு சரியாக இருந்தது என்று இன்னும் தெரியவில்லை. என் நோன்பை நான் முறித்தது அவர் கையால்தான்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் தொடர்ந்து நடக்கும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள். டி.வி.யையும் ஊர்க்கதையையும் விட்டு உபவாசம் இருங்கள், நானும் அப்படித்தான். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. எசேக்கியாவுக்குக் கொடுத்த பதினைந்தை எனக்கும் கேட்டிருக்கிறேன். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முந்தி மகன் விளக்கைப் போட, நான் இரண்டு காலையும் பார்க்கிறேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் என்னைச் சுமந்த காலின் அடிப்பக்கத்தை அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.

ஆச்சி, உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. உங்கள் பேத்தி இதை வாசித்துக் காட்டுவாள். அவள்தான் என்னிடம் ஒன்று சொன்னாள். கண்ணாடியை எனக்குக் கொடுத்துவிட்டு, இந்த மூன்று வாரமும் நீங்கள் எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கி, விளக்குக்கு நேரே பிடித்து உங்கள் காலைப் பார்க்கிறீர்களாம். உங்களிடம் வேறு கண்ணாடி இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மகனிடம் புதுசு ஒன்று, கொஞ்சம் பெரியது, நாளைக்கே கொடுத்துவிடுகிறேன். அந்த ரோஸ் கைப்பிடிக் கண்ணாடியை மட்டும் எனக்கே விட்டுவிடுங்கள். வெட்கமில்லாமல்தான் கேட்கிறேன்.

அறுப்பின் பண்டிகையன்று நான் சொன்னதை மன்னியுங்கள். அன்று சபைக்கு முன்னால் சொன்னேன், அதனால் இதையும் சபைக்கு முன்னால் கேட்கிறேன். டாக்டர் விடுகிற முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவேன். இரண்டாம் மணி அடிக்கும் முன்னே வந்துவிடுங்கள். சாக்கு வேண்டாம். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உங்களுக்கு இடம் போட்டு, நான் செருப்போடு உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் டீச்சர்