ஊறட்டும், அவசரமில்லை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பரணில் அந்த அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நம் ஸ்பிட்ஃபயர், அந்தப் பிளாஸ்டிக் மாடல் போர் விமானம்! பதினான்கு வயதில் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பச்சைப் பெயின்ட்டை அப்பினோம். இறக்கையில் இருந்த ரிவெட் வரிசை, அந்த ஆணித்தலைப் புள்ளிகள் முழுக்க அதற்கடியில்தான் புதைந்து கிடக்கிறது.

எனக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதமாகிறது. சின்னப் பாகங்கள் மறுபடி தெளிவாகத் தெரிகின்றன. உன் கேள்வி சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது.

தின்னர் ஊற்றி ஒரே நாளில் பழைய பெயின்ட்டை உரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். நாம் பாகங்களை ஒட்டிய பசையே அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டியது. அசிட்டோனும் லாக்கர் தின்னரும் அதே வேலையைத்தான் செய்யும், ஆனால் நிறுத்தாமல் செய்யும். பெயின்ட் போவதற்குள் இறக்கை கூழாகிவிடும்.

முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, வெளியே தெரியாத ஓரிடத்தில் தேய்த்துப் பார். நிறம் பஞ்சில் ஏறினால் அது அக்ரிலிக் பெயின்ட். மூடியுள்ள டப்பாவில் சில மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் மெல்லத் தேய்த்தாலே வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் நெருப்பு கூடாது. அறை வெப்பத்திலேயே ஆல்கஹாலின் ஆவி பற்றிக்கொள்ளும்.

நாம் அடித்தது எனாமல், அதாவது எண்ணெய்ப் பெயின்ட் என்றுதான் எனக்கு ஞாபகம். இத்தனை வருடம் காய்ந்த எனாமல் ஆல்கஹாலுக்கு லேசில் மசியாது. சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர்தான் அதற்குச் சரி. அந்தக் காரம் எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பிசினைச் சோப்பாக்கி இளக்கிவிடும், பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. ஆனால் தோலையும் கண்ணையும் விட்டுவைக்காது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதே. அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றிவிடாதே, அலுமினியத்தையே அது அரித்துவிடும். ஒரு ராத்திரி ஊறியும் வராத இடத்தைச் சுரண்டாமல் இன்னொரு ராத்திரி ஊறவிடு.

பிரேக் ஆயிலில் போடச் சொல்வார்கள். நானும் போட்டேன். ஒரு வாரம் மறந்துவிட்டேன், எடுத்தபோது வால்பகுதி கையிலேயே நொறுங்கியது. பிளாஸ்டிக் ஏற்கெனவே கிழடாகியிருந்ததா, ஆயில்தான் கெடுத்ததா, எதுவானாலும் அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

காக்பிட் கண்ணாடியை, அதாவது விமானி இருக்கைக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே கழற்றி வைத்துவிடு. ஆல்கஹாலில் நனைத்த என் மாடலின் கண்ணாடி முழுக்க மயிரிழை விரிசல் ஓடிவிட்டது. எவ்வளவு மெருகேற்றியும் போகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அது கழன்று வராவிட்டால் ஆல்கஹாலோ காரமோ படாமல், பல் குச்சியின் முனையால் பெயின்ட்டைப் பொறுமையாக நெம்பி எடு.

உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதே. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தூசி மூச்சில் போகும். கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு அலசு. கொதிநீர் பட்டால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். பச்சைக் கறை கொஞ்சம் தங்கத்தான் செய்யும், புதுப் பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் அதை மறைத்துவிடும்.

இன்னொன்று. அந்த விமானி பொம்மைக்கு உன் அண்ணன்தான் பெயின்ட் அடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை மயிர் பிரஷால் மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டைத் தீட்டியதை நாம் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அதை மட்டும் உரிக்காதே. தனியாகக் கழற்றி, பஞ்சில் சுற்றி வை.

இறக்கையில் ரிவெட் தெரிய ஆரம்பித்ததும் ஒரு போட்டோ அனுப்பு. காத்திருக்கிறேன்.

உன்
கணேசன்