கோவைக்கு ஐ-லீக் பட்டம்: கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்களுக்கு ஒரு மடல் (2019)

சூப்பர் கோப்பை அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0-3 என்று தோற்றதோடு, கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஆடும் எங்கள் கால்பந்து கிளப்பான சென்னை சிட்டியின் 2018-19 சீசன் முடிந்துவிட்டது. அந்தத் தோல்வி வலித்தது, ஆனால் அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டத்தை வென்றோமே, தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளப் அதை வெல்வது அதுதான் முதல் தடவை, அதற்குத் தோள் கொடுத்த எத்தனையோ பேருக்கு அன்று ராத்திரி இருந்த கூச்சலில் ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூட வாய்க்கவில்லை. நான் கிளப்பில் வேலை செய்பவன் இல்லை. கேலரியில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்துகிற கோவைக்காரன், அவ்வளவுதான். ஆனால் இந்த நன்றியை யாராவது ஒருவர் பொதுவில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில், இந்த வருடம் எங்களோடு இல்லாதவர்களிடமிருந்து தொடங்குகிறேன். போன சீசனில் நாம் எட்டாவது இடம். கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்று கடைசி வரை பயந்துகொண்டிருந்தோம். அந்த அணியைக் கட்டி இழுத்துப் பிடித்து நிறுத்தியவர் கோச் சௌந்தரராஜன் சார். பெரிய பணமும் இல்லை, பெரிய பெயர்களும் இல்லை, உள்ளூர்ப் பையன்களை நம்பி ஆடவிட்டார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று பெயரைக் கேட்டாலே கால் நடுங்குகிற அணிகளோடு மோதி மோதி அந்தப் பையன்கள் தேறினார்கள். இன்றைக்குக் கோப்பையோடு நிற்கிற படத்தில் சார் இல்லை, ஆனால் அவர் போட்ட அஸ்திவாரம் இல்லாமல் இந்தப் படமே இல்லை. அதேபோல மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த தம்பி. அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது இனி நம் அணியில் யார் பந்தை எடுத்துக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டோம். நீங்கள் போன இடத்தில் நன்றாக ஆடுங்கள் தம்பி, இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் காட்டிய தைரியம் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அக்பர் நவாஸ் சார். சிங்கப்பூரிலிருந்து வந்த மனிதர். உங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. எட்டாவது இடத்தில் முடித்த அணியை வாங்கிக்கொண்டு, முதலில் தோற்காமல் இருக்கப் பார்ப்போம் என்று எல்லாரையும் பின்னால் இழுத்து நிறுத்தி ஆடவைத்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. கீப்பரிடமிருந்தே சின்னச் சின்னப் பாஸாகப் போட்டு, பந்தைத் தரையிலேயே வைத்து, எதிராளி முட்டிக்கொண்டு வந்தாலும் தூக்கி அடிக்காமல் ஆடச் சொன்னீர்கள். பின்னால் நாம் கோல் வாங்கினாலும் சரி, முன்னால் அதைவிட ஒன்று கூட அடிப்போம் என்ற நெஞ்சு இருந்தது அந்த ஆட்டத்தில். அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸை 4-1 என்று அடித்தபோது, பெத்ரோ மான்சி மூன்று கோல் போட்டபோது, கேலரியில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "இது நம்ம டீம்தானா தம்பி?" என்று கேட்டார். நம்ம டீம்தான்.

மான்சி, நெஸ்தோர், சாந்திரோ, எஸ்லாவா, நடுவில் வந்து சேர்ந்த கீப்பர் நௌசெத். இவர்களில் யாரையும் வருவதற்கு முன்னால் நமக்குத் தெரியாது. ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீகுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், வயதான காலத்தில் காசுக்கு வந்து நடந்து திரிகிற பெரிய பெயர்கள் இல்லை. கோவை வெயிலில் தொண்ணூறு நிமிடமும் ஓடினார்கள். மான்சிக்கு 21 கோல், சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21, லீகிலேயே அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை. ஆனால் நான் நன்றி சொல்ல விரும்புவது அந்த எண்ணிக்கைக்கு மட்டும் இல்லை. பந்து பறிபோனதும் முதல் ஆளாகத் திரும்பி ஓடி வருவாரே, அதற்கு. முன்வரிசைக்காரர் அப்படி ஓடினால் பின்னால் இருக்கிற இளைஞன் நிற்க முடியுமா? சாந்திரோ நடுவில் பந்தை வாங்கித் தலையை நிமிர்த்தி ஒரு நொடி நின்று பார்ப்பாரே, அந்த ஒரு நொடியில் கேலரி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஊரில் பந்தாடும் சின்னப் பையன்கள் இப்போது அப்படித்தான் தலையை நிமிர்த்தி நிற்கப் பார்க்கிறார்கள், நானே பார்த்தேன்.

ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைவது நம் பையன்களைப் பார்த்துத்தான். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு, சார்லஸ் ஆனந்தராஜ், ஸ்ரீராம் என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபெருக்கியில் வரும்போது எப்படி இருந்தது தெரியுமா? எத்தனை வருடமாக நம் பையன்கள் இங்கே லீக் ஆடி, சந்தோஷ் டிராபி ஆடி, ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று இருபத்தைந்து வயதில் ஷூவைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். எட்வினை எங்கே நிறுத்தினாலும் அங்கே ஆடினார், முகம் சுளித்து நான் பார்த்ததே இல்லை. அஜித் பக்கக் கோட்டை ஒட்டி மேலேயும் கீழேயும் ஓடுவதைப் பார்த்தாலே நமக்கு மூச்சு வாங்கும். தம்பிகளா, உங்களுக்கு நன்றி. அதைவிட உங்கள் அம்மா அப்பாக்களுக்கு நன்றி, ஏனென்றால் "பந்து விளையாடிச் சோறு கிடைக்குமா" என்று சொந்தக்காரர்கள் கேட்ட ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பதில் சொல்லிச் சமாளித்தவர்கள் அவர்கள்தான். முதல் ஷூ வாங்கிக் கொடுத்த பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மார்ச் 9 பற்றி எழுதாமல் விட முடியாது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சிலிடம் 2-3 தோற்றிருந்தோம், அதில் ஜெயித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆகக் கடைசி நாளில் நமக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு, நாம் இங்கே மினர்வா பஞ்சாபோடு, இரண்டும் ஒரே நேரத்தில். மினர்வா யார், போன வருடச் சாம்பியன். மூன்றாவது நிமிடத்திலேயே அவர்களுடைய பிலாலா கோல் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் ஸ்டேடியம் இருந்த இருப்பு... யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இடைவேளை வரை அப்படியே 0-1. இரண்டாவது பாதியில் பெனால்டி கிடைத்து, மான்சி அதைப் போட்டு, 1-1 ஆனபிறகும் நிம்மதி இல்லை, ஏனென்றால் ஈஸ்ட் பெங்கால் அங்கே ஜெயித்துவிட்டால் டிராவை வைத்துக்கொண்டு நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கடைசியில் அவர்கள் 2-1 என்று ஜெயிக்கவும் செய்தார்கள். அதனால்தான் கௌரவ் போராவின் கோல் இவ்வளவு பெரியது. அசாமிலிருந்து வந்த பையன், டிஃபென்டர், கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை. அவர் 69-ஆவது நிமிடத்தில் ஒன்று போட்டார், தொண்ணூறு நிமிடம் தாண்டிய காயநேரத்தில் இன்னொன்றும் போட்டு 3-1 ஆக்கினார். நமக்கு 43, அவர்களுக்கு 42. ஒரே ஒரு புள்ளி. போரா தம்பி, கோயம்புத்தூரில் உங்களுக்கு எந்த வீட்டிலும் எப்போது வேண்டுமானாலும் சாப்பாடு உண்டு.

சரி, இப்போது யாரும் படம் எடுக்காதவர்கள். ஸ்டேடியத்தின் கிரவுண்ட் ஊழியர்கள்தான் முதலில். இது கால்பந்துக்கென்றே கட்டின மைதானம் இல்லை, சுற்றி ஓடுபாதை இருக்கிற மாநகராட்சி ஸ்டேடியம், காலையில் ஊரே இங்கேதான் நடக்கவும் ஓடவும் வருகிறது. இந்த நெருக்கடியிலும் அந்தப் புல்லை ஆட்டத்துக்கு ஆட்டம் தண்ணீர் விட்டு, வெட்டி, கோடு போட்டு வைத்திருந்தார்கள். தரையிலேயே பாஸ் போட்டு ஆடுகிற அணிக்குத் தரை எப்படி இருக்கிறது என்பதுதான் எல்லாமே. மேடுபள்ளமான தரையில் அக்பர் சாரின் ஆட்டம் பத்து நிமிடம் தாங்காது. அதனால் அந்த அண்ணன்களும் அக்காக்களும் இந்தப் பட்டத்தில் நேரடிப் பங்காளிகள். ஆட்ட நாளில் நடைப்பயிற்சியை விட்டுக்கொடுத்த காலை நேரத்துப் பெரியவர்களுக்கும், பந்து எடுத்துப் போட்ட பையன்களுக்கும், வாசலில் நின்று கூட்டத்தைச் சமாளித்த போலீஸ்காரர்களுக்கும், ஆம்புலன்ஸோடு கடைசி விசில் வரை காத்திருந்தவர்களுக்கும் நன்றி.

ஜமாப் மேளம் அடித்த தம்பிகளே, நீங்கள் இல்லாமல் அந்த ஓடுபாதையைத் தாண்டி எங்கள் சத்தம் ஆட்டக்காரர்கள் காதுக்குப் போயிருக்காது. பாலக்காட்டிலிருந்து ரயில் பிடித்து வந்து, நாங்கள் "வாடா" என்றால் நீங்கள் "வாடா மோனே" என்று பாடிய சேட்டன்மாருக்கும் நன்றி, கால்பந்து பார்க்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜனவரியிலிருந்து லீகின் சில ஆட்டங்கள் மட்டும்தான் டிவியில் வந்தன. பட்டத்துக்கு ஓடுகிற அணியின் ஆட்டத்தைப் பார்க்கக்கூட வழி இல்லாமல் செய்தது கொஞ்சமும் நியாயம் இல்லை, இதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. அந்த நாட்களில் வெளியூர் மைதானங்களில் உட்கார்ந்து நிமிடத்துக்கு நிமிடம் வாட்ஸ்அப்பில் ஸ்கோர் அனுப்பிய முகம் தெரியாத நண்பர்களே, உங்களை நம்பித்தான் நாங்கள் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

கிளப் உரிமையாளர் ரோஹித் ரமேஷுக்கும் ஒரு நன்றி. 2017-18-இல் சொந்த மைதானத்தைச் சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றியபோது, பெயரில் சென்னை இருக்கிற அணியைக் கோவைக்காரன் ஏன் ஆதரிக்க வேண்டும் என்று இங்கேயே பலர் கேட்டார்கள். இன்றைக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தின் கால்பந்து கிளப்பான எஃப்.சி. பாசல் 2019 ஜனவரியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது, நல்லது. அந்தப் பணத்தில் முதல் வேலையாகச் சின்னப் பையன்களுக்கான அகாடமியைப் பலப்படுத்துங்கள், கையோடு பெண் பிள்ளைகளுக்கும் ஒரு அணி வேண்டும். இதைக் கோரிக்கையாகவே எழுதி வைக்கிறேன்.

எதிரணிகளையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட் பெங்காலை அவர்கள் ஊரிலும் நம் ஊரிலும் 2-1 என்று ஜெயித்தோம், அப்படியிருந்தும் கடைசி நாள் வரை விடாமல் துரத்தினார்கள். அவ்வளவு கடினமான துரத்தல் இருந்ததால்தான் இந்தப் பட்டத்துக்கு இந்த எடை. முதல் சீசனிலேயே மூன்றாவது இடம் பிடித்த ரியல் காஷ்மீரையும் நினைக்கிறேன். பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்கு அப்புறம் ஸ்ரீநகரில் ஆட வர மற்ற அணிகளுக்குத் தயக்கம் இருந்த நாட்களிலும் அந்தப் பையன்கள் தலைகுனியாமல் ஆடி முடித்தார்கள். உங்கள் மீது எங்கள் ஊரில் பெரிய மரியாதை இருக்கிறது.

ஐ-லீக் இரண்டாந்தர லீக் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குப் புவனேஸ்வரில் பதில் கிடைத்துவிட்டது. நாட்டின் இன்னொரு பெரிய லீகான ஐ.எஸ்.எல்.லின் (இந்தியன் சூப்பர் லீக்) அந்த சீசன் சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யைச் சூப்பர் கோப்பைக் காலிறுதியில் 2-1 என்று வென்றது நம் அணி. அந்த ராத்திரிக்கும் சேர்த்து எல்லோருக்கும் நன்றி.

இதில் யாரையாவது விட்டிருந்தால் திட்டாமல் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன். அடுத்து ஆசிய அளவில் ஆட வேண்டியிருக்கிறது. இந்த அணியிலிருந்து சிலர் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகத்தான் போகிறார்கள், போகட்டும், நல்ல சம்பளம் கிடைக்கட்டும். நமக்கு வேண்டியது ஆட்ட நாளில் கேலரி நிறைந்திருப்பது. அதனால் புது சீசனின் அட்டவணை வந்தவுடன் நம் குழுவில் போடுகிறேன், வேன் ஏற்பாடு செய்ய முடிகிறவர்கள் இப்போதே சொல்லி வையுங்கள். பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.