பழைய துணிக்கடைகளைக் கழிவுக் கடைகளாகக் கருத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய துணியும் பழைய பாத்திரமும் விற்கும் கடைகளுக்கு எங்கள் ஊர் நகராட்சி விதித்துள்ள கட்டுப்பாடுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கடைவீதியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் இத்தகைய கடைகளுக்கு இனி உரிமம் கிடையாது, இருக்கும் கடைகள் பழைய இரும்புக் கடைகளோடு சேர்ந்து ஊருக்கு வெளியே போய்விட வேண்டும், மாலை 6 மணிக்கு மேல் வியாபாரம் கூடாது என்பதே தீர்மானத்தின் சாரம். நகராட்சி சொல்லும் காரணங்கள் அந்தச் செய்தியில் விரிவாக இருந்தன. கடை வைத்திருப்பவர்களும் அங்கே வாங்குகிறவர்களும் என்ன சொல்கிறார்கள் என்பது ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையை ஒட்டிய இந்த ஊரில் நான் 31 ஆண்டுகளாகத் தையல் கடை நடத்துகிறேன். என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பழைய துணிக்கடை இருக்கிறது. அங்கே எடுத்த துணியை உடம்புக்குத் தகுந்தபடி ஆல்டர் செய்ய என்னிடம்தான் வருகிறார்கள் என்பதால் எனக்கும் இதில் வருமானம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கடைக்குத் துணி எப்படி வருகிறது என்பது தீர்மானம் போட்டவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தலையில் கூடையோடு தெருத் தெருவாகப் போய் வாங்கி வருகிற மூட்டைகள்தான் அவை. மூட்டையைப் பிரித்ததும் ஜரிகை உள்ள பட்டுச்சேலை தனியே போகும். கிழிந்த பனியனும் நைந்த வேட்டியும் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியாக மெக்கானிக் பட்டறைகளுக்குப் போகும். உடுத்தத் தக்கது மட்டும்தான் கடைக்கு வரும். கடைக்கார அம்மா ஒவ்வொரு சட்டையையும் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, அக்குளையும் காலரையும் பார்த்து, தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வார். பிறகு சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, எங்கள் ஊர் வெயிலில் காயப்போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து அடுக்குவார். காலர் மட்டும் தேய்ந்திருந்தால் சட்டை என்னிடம் வரும். நான் காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுப்பேன். தேய்ந்த இடம் மடிப்புக்கு அடியில் போய்விடும். அதற்கு என் கூலி 25 ரூபாய். அந்தச் சட்டை 70 ரூபாய்க்குப் போகும். இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கும்.

இதை வாங்குகிறவர்கள் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், கட்டட வேலைக்கு வட மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள். அவர்கள் வேலை முடிந்து பேருந்து நிலையத்தில் இறங்கவே ஆறு, ஆறரை ஆகிவிடும். மாலை 6 மணிக்குக் கடையை மூடு என்றால் அவர்களுக்கு விற்காதே என்றுதான் அர்த்தம். ஊருக்கு வெளியே போ என்றாலும் அப்படித்தான்; 70 ரூபாய்ச் சட்டை வாங்க 40 ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்து யார் போவார்கள்?

இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கத்தான் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, கடை எதற்கு என்று நகராட்சி உறுப்பினர் ஒருவர் என்னிடமே கேட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை அவருக்கு நினைவூட்டினேன். அப்போது தாழ்வான தெருக்களில் இருந்த வீடுகளில் தண்ணீர் புகுந்து பாயும் துணிமணியும் நாசமாயின. நல்ல மனதோடு பலர் துணி கொண்டுவந்து குவித்தார்கள். ஆனாலும் என் வாடிக்கையாளரான ஒரு பெண், அந்த வரிசையில் போய் நிற்க மனம் வராமல், இதே பழைய துணிக்கடையில் 20 ரூபாய்க்கு ஒரு போர்வையும் 30 ரூபாய்க்கு ஒரு சேலையும் தானே தேர்ந்தெடுத்து வாங்கிப் போனார். நிறம் பிடிக்கவில்லை என்று அவர் ஒரு சேலையைத் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன். காசு கொடுத்து வாங்குகிற இடத்தில்தான் அப்படித் திருப்பி வைக்க முடியும். தானமாக வந்ததில் நிறம் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

நோய் பரவும் என்பது நகராட்சி சொல்லும் முதல் காரணம். பயத்தை நான் குறை சொல்லவில்லை; பிள்ளைகளுக்குச் சொறி வந்தால் வீடே தூங்காது. ஆனால் சொறியை உண்டாக்கும் நுண்பூச்சி மனிதத் தோலை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை; துணியைச் சுடுநீரில் அலசினாலும் அது செத்துவிடும். கொதிக்கவைத்துத் தேய்த்த துணியைத்தான் விற்க வேண்டும் என்று விதி போடுங்கள், சுகாதார ஆய்வாளர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். திருட்டுப் பொருள் வரும் என்கிற இரண்டாவது காரணம், பழைய செல்போனுக்கும் பித்தளைக்கும் பொருந்தலாம். விற்றவரின் அடையாள அட்டை நகலோடு பதிவேடு வைக்கச் சொன்னால் போதும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது ஏற்கெனவே சட்டப்படி குற்றம்தானே?

எனக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. 2023 மே மாதம் நாடு முழுவதும் நகராட்சிகளில் பழைய துணி, புத்தகம், செருப்பு முதலியவற்றைச் சேகரித்து மறுபடி பயன்படுத்தும் மையங்கள் தொடங்கப்பட்டன. எங்கள் ஊரிலும் தொடங்கி, வீட்டில் கிடக்கும் பழைய துணியைக் கொண்டுவந்து கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். நகராட்சி அலமாரியில் இருக்கும்போது மறுபயன்பாடு என்று பெயர் பெறுகிற துணி, அந்த அம்மாவின் கடையில் இருக்கும்போது மட்டும் எப்படிக் கழிவாகிறது? அந்தக் கடைகள் இல்லாவிட்டால் அத்தனை துணியும் போகியன்று தெருவில் எரியும், அல்லது குப்பைக் கிடங்கில் சேரும்.

தரையில் தார்ப்பாய் விரித்து விற்பவர்கள் நிலை இன்னும் மோசம். உரிமம் பெற்றுக் கடைக்குள் விற்பவர்களையும் இவர்களையும் தீர்மானம் ஒரே வரியில் சேர்த்துவிட்டது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது. முறையான கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த வியாபாரிகளின் விஷயங்களைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் உள்ளது. போன மாதம் ஒரு மூதாட்டியின் தார்ப்பாயையும் இரண்டு மூட்டைகளையும் குப்பை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனதை என் கடை வாசலில் நின்று பார்த்தேன். என்னென்ன எடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட அவருக்குத் தரவில்லை. பறிமுதல் செய்தால் பட்டியல் கொடுக்க வேண்டும், துணி போன்ற கெடாத பொருளை உரியவர் கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டமே. அந்த மூதாட்டி தன் மூட்டைகளைக் கேட்டு நகராட்சிக்கு நான்கு முறை நடந்துவிட்டார்.

நடைபாதையை அடைத்து விற்பதை நான் ஆதரிக்கவில்லை. கோடு போட்டு இடம் ஒதுக்கினால் கோட்டுக்குள் இருப்பார்கள். சந்தை மேட்டில் வாரச் சந்தை கூடாத நாட்களில் காலியாகக் கிடக்கும் கொட்டகையை மாலை நேரத்துக்குக் கொடுத்தாலும் போதும். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். இந்தத் தீர்மானத்தை நிறுத்திவைத்து, விற்பனைக் குழுவைக் கூட்டி, அந்த மூதாட்டி போன்றவர்களையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு முடிவெடுக்க வேண்டும் என்று நகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுப்பாடுகள் ஜூன் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வருமாம். பள்ளி திறக்கும் மாதம் அது. அரசுப் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்கு அரசு 4 செட் சீருடை கொடுக்கிறது; கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு இந்தக் கடைகள்தான் கைகொடுக்கின்றன. பழைய துணிக்கடையிலிருந்து வந்த 27 சீருடைகள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. கீழ் மடிப்பைப் பிரித்து நீளம் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஜூன் 1ஆம் தேதிக்குப் பிறகு இவற்றைக் கேட்டு வரும் தாய்மார்களை எங்கே அனுப்புவது என்பதையாவது நகராட்சி அதற்கு முன் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.