சீட்டின் பின்பக்க வரி செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டிகைக்காலச் சந்தை ராட்டினங்களின் நுழைவுச்சீட்டில் ‘சொந்தப் பொறுப்பில் ஏறவும்’ என்றிருந்தால் பிறகு வழக்குப் போட முடியாது எனப் பலர் நம்புகிறார்கள். தவறு. கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை, சீட்டில் அச்சிட்டோ பலகை வைத்தோ வணிகர் உதற முடியாது. சிங்கப்பூரின் நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. உயிரிழப்பு என்றால், இறந்தவரைச் சார்ந்திருந்தோர் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும்.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், செங்குத்தாக இறங்கும் கோபுர ராட்டினத்திலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். தோள்கம்பி போதுமான அளவு இறங்கிவிட்டதா என்று பார்க்கும் உணர்கருவியை யாரோ கையால் மாற்றி வைத்திருந்தனர். அதனால் கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே வழக்கத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இடைவெளி இருந்தும் இயந்திரம் புறப்பட்டது. கூடுதல் இடைவார்கூட இல்லை. ஒற்றைப் பூட்டை நம்பும் எந்தச் சவாரியிலும் இதுதான் ஆபத்து.

இங்கே 2011ஆம் ஆண்டின் கேளிக்கைச் சவாரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டட, கட்டுமான ஆணையம் அதைச் செயல்படுத்துகிறது. ஆனால் அனுமதி வாங்கியதாலேயே நடத்துநரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. (அனுமதிச் சான்றிதழுக்குத் தோள்கம்பியின் இடைவெளி தெரியுமா என்ன?)

விபத்து நேர்ந்தால் இருக்கை எண்ணையும் நேரத்தையும் குறித்து, கம்பி நின்ற நிலையைப் படமெடுங்கள். அன்றாடச் சோதனைப் பதிவேட்டையும் உணர்கருவிப் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி வழக்கறிஞர் மூலம் உடனே எழுத்தில் கேளுங்கள்.

வாசகர், தெம்பனிஸ்