மாற்றுப் பள்ளியின் ஒருநாள் தலைக்கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மாற்று உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கலிபோர்னியாவில் அத்தகைய சிறு பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவரும் ஆசிரியை நான். அங்கே பயில்வோர் யார் என்பதற்குக் கட்டுரை ஆதாரமாகக் காட்டிய அட்டவணை, அதாவது அக்டோபர் மாதச் சேர்க்கையை இனவாரியாகச் சதவீதத்தில் தரும் பட்டியல், நான் வகுப்பில் பார்க்கும் பிள்ளைகளோடு பொருந்தவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இம்மாநிலத்தில் ‘கன்டினியூவேஷன்’ பள்ளிகள் எனப்படும் இவ்வகைப் பள்ளிகள் 1919 முதல் இயங்கி வருகின்றன. 16 வயது நிரம்பி, டிப்ளமா எனப்படும் பள்ளிப் படிப்பு நிறைவுச் சான்றிதழுக்கு வேண்டிய கிரெடிட்டுகளில் (பாடங்களில் தேர்ந்தால் சேரும் புள்ளிகளில்) பின்தங்கிவிட்டவர்களே பெரும்பாலும் இங்கு வருகிறார்கள். வேலைக்குச் செல்பவர்களும் படிக்க ஏதுவாக, வாரத்துக்கு 15 மணி நேர வகுப்பே குறைந்தபட்ச அளவாக வைக்கப்பட்டிருக்கிறது.

சேர்க்கை எண்ணிக்கையோ அக்டோபர் மாதத்தின் முதல் புதன்கிழமை நிலவரப்படி எடுக்கப்படுகிறது. வழக்கமான பள்ளிகளில் அன்றைய எண்ணிக்கைக்கும் ஆண்டிறுதி எண்ணிக்கைக்கும் பெரிய வேறுபாடு இராது. எங்களிடம் அப்படியில்லை. முதல் பருவத்தில் தோற்றவர்கள் ஜனவரியில் வந்து சேர்கிறார்கள். கிரெடிட்டுகளை முடித்தவர்கள் ஆண்டின் நடுவிலேயே டிப்ளமா பெற்றுச் செல்கிறார்கள். சிலர் பழைய பள்ளிக்கே திரும்பிவிடுகிறார்கள். ஒரு மாணவி பிப்ரவரியில் சேர்ந்தாள். உணவகத்தில் இரவு வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் காலை வகுப்புக்கு வந்து உட்கார்ந்து, எஞ்சியிருந்த இயற்கணிதப் பாடங்களை ஒவ்வொன்றாக முடித்து, ஜூன் மாதத்தில் டிப்ளமா வாங்கினாள். எந்த அக்டோபர் கணக்கிலும் அவள் எங்கள் மாணவி அல்லள்.

எண்ணிக்கை சிறிதாக இருப்பதும் ஒரு சிக்கல். 50 பேர் படிக்கும் பள்ளியில் ஒருவர் வந்தாலோ போனாலோ 2 சதவீதம் நகர்ந்துவிடும். அதைச் சமூக மாற்றம் என்று எழுதுவது பொருந்தாது. ஒரு பிரிவில் 10 பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அவர்கள் யார் என்று தெரிந்துவிடக் கூடாதென்று மாநிலம் அவ்வெண்ணை நட்சத்திரக் குறியிட்டு மறைக்கிறது. அந்தப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் ‘ஆசியர்’ என்ற வரிசையில் இருக்கும் நட்சத்திரத்தைச் சுழியம் என்று வாசித்துவிட்டு, நம் பிள்ளைகள் யாரும் அங்கே படிப்பதில்லை என்று நம்பும் பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். படிக்கிறார்கள்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்பள்ளிகளில் மிகுந்திருப்பது உண்மை. அப்பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்பதோடு அதை முடிச்சுப் போடுகிறது கட்டுரை. உயர்நிலைப் பள்ளி தொடங்கும் ஒன்பதாம் வகுப்பிலேயே பொதுவாக இங்கே யாரும் வந்து சேர்வதில்லை. 16 வயது வரை வேறு பள்ளியில் படித்து, அங்கே பின்தங்கும்வரை கவனிப்பாரின்றி இருந்து, பிறகு அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களே எங்கள் மாணவர்கள். ஆகவே எங்கள் பள்ளியின் அட்டவணையில் இருப்பது, அனுப்பிய பள்ளிகள் யாரைக் கைவிட்டன என்ற கணக்கு. அந்தப் பள்ளிகளின் சேர்க்கை விவரத்தைப் பக்கத்தில் வைக்காமல் அதைப் படித்தால், பழி பிள்ளைகள் மேல்தான் விழும்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, அக்டோபர் கணக்கோடு ஆண்டு முழுவதும் சேர்ந்தவர்களின் மொத்த எண்ணிக்கையையும், சதவீதத்தோடு ஆள் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரு கணக்குகளையும் மாநிலக் கல்வித்துறையே பொதுவில் வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
கலிபோர்னியா