மீதி மூன்று மீட்டர் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹாம் ரேடியோவுக்கு, அதாவது லைசென்ஸ் வாங்கிய ஆர்வலர்கள் நடத்தும் வானொலித் தொடர்புக்கு, நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். புயல் எதுவும் வராத மாதத்தில் எங்கள் ஞாபகம் வந்ததே பெரிய விஷயம். ஆனால் அதில் ஒரு வரி: "ஆன்டெனாவில் குறைகிற நீளத்துக்குக் கம்பியைச் சுருட்டி வைப்பதுதான் லோடிங் காயில்."

அச்சுக்குப் போகுமுன் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். 7.1 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவுக்கு வேண்டிய கால் அலைநீளம் சுமார் 10.5 மீட்டர். கார் விப், அதாவது காரில் நிறுத்தும் குச்சி ஆன்டெனா, 2.5 மீட்டர் என்றால் குறைவது 8 மீட்டர். அடியில் வைக்கும் காயிலுக்கு ஏறக்குறைய 20 மைக்ரோஹென்றி மின்தூண்டல் வேண்டும். காயில் கணக்குக்கு 1928-இல் வீலர் தந்த சூத்திரப்படி, 50 மி.மீ. குழாயில் 100 மி.மீ. உயரத்துக்குச் சுற்றினால் 31, 32 சுற்று வரும். கம்பி 5 மீட்டர்தான். மீதி மூன்று மீட்டரைக் கட்டுரையாளர் எங்கே வைத்தாரோ!

காயிலை டிரான்ஸ்மிஷன் லைனாக, அதாவது அலை கடந்துசெல்லும் பாதையாக, பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சுற்றுகள் காந்தப்புலத்தால் ஒன்றோடொன்று பிணைந்தவை. அலை கம்பியோடு வளைந்து வளைந்து ஓடுவதில்லை. அலைப் பாதையாகப் பார்த்தால் காயிலின் இம்பிடன்ஸ் (மின்னெதிர்ப்பு) ஆயிரக்கணக்கான ஓம், விப்புக்கோ சில நூறுதான். அவை சேரும் இடத்திலேயே ஃபேஸ் (அலையின் கட்டம்) ஒரு தாவு தாவுகிறது. கால் அலைநீளத்தை 90 டிகிரி என்று வைத்தால் விப் 21 டிகிரி. அதனால் மிச்சம் 69 டிகிரியும் காயிலின் தலையில் விழுவதில்லை. விழுந்தால் மேல்முனையில் கரண்ட் அடிமுனையில் உள்ளதில் 36 சதவீதமாக இறங்க வேண்டும். டொராய்டு எனும் காந்தப்பொருள் வளையத்தில் கரண்ட் மீட்டர் செய்து இரு முனையிலும் நானே அளந்தேன். குறைவு கொஞ்சம்தான். அதற்காக இரு முனையிலும் கரண்ட் அச்சு அசலாக ஒன்றே என்று சாதிப்பவர்கள் பக்கமும் நான் இல்லை. பெரிய காயில், தன் சொந்த ரெசனன்ஸை (தானே ஒத்ததிரும் அலைவெண்ணை) நெருங்கும்போது, நன்றாகவே வேறுபாடு காட்டும். ஆன்டெனாவைக் கணினியில் கணக்கிடும் ஈஸிநெக் மென்பொருள் 2022 முதல் இலவசம். காயிலைச் சுருளாகவே வரைந்து பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் கோபம் என்பீர்கள். எங்கள் குடியிருப்புச் சங்கம் மொட்டைமாடியில் ஒரு கம்பி கட்டவும் விடவில்லை. மின்னலை இழுக்குமாம்! என் போன்றவர்களுக்கு மிஞ்சியது கார் விப்பும் காயிலும்தான். தேர்வு எழுதி, லைசென்ஸுக்கு மாதக்கணக்கில் காத்துக்கிடந்து வந்தவர்கள் நாங்கள். உங்கள் கட்டுரையோ 'ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு' என்று முடிகிறது. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து ஹாம்கள் செய்தி கடத்தியதும் பொழுதுபோகாமல்தான் போலும். அப்புறம், கட்டுரைக்குப் போட்ட படம் காவலர் கையிலிருக்கும் வாக்கிடாக்கி. அதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆன்டெனாவின் மேல்பகுதியில் பொருத்தும் கம்பித் தொப்பியான கெப்பாசிட்டி ஹேட் பற்றி முன்பு நான் அனுப்பிய கடிதத்தையும் படத்தை எடுத்துவிட்டு 'வாசகர் துணுக்கு' ஆக்கினீர்கள். படமில்லாமல் அது யாருக்குப் புரிந்திருக்கும்?

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போட்டால் போதும். காயிலின் இரு முனையிலும் கரண்ட் எவ்வளவு என்று காட்டும் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் போதவில்லை என்றால் கடிதத்தை வெட்டுங்கள், படத்தை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மதுரை