ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் பேச்சுக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டச் சாலையில் எங்கள் புரோட்டான் வீரா கார் திடீரென ஆவி கக்கி நின்றது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. சூட்டில், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போயிற்று. பட்டறையில் சொன்ன விலை எங்களுக்குக் கட்டாது. நானும் அப்பாவும் வீட்டு வாசலிலேயே இன்ஜினைப் பிரித்துவிட்டோம்.

கேஸ்கெட் வாங்கப் போன இடத்தில்தான் நீங்கள் கேட்டீர்கள்: "தம்பி, ஹெட்டை லெவல் பார்த்தாச்சா? சும்மா புதுசு போட்டா மறுபடி ஊதிடும்."

எங்கள் வீராவின் 4ஜி15 இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட்தான் முதலில் வளையும். சாயங்காலமே நேர்ச்சட்டமும், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் கொண்டுவந்து வைத்துக் காட்டினீர்கள், 0.1 மில்லிமீட்டர் தகடு இடுக்கில் தாராளமாக நுழைந்தது. லேத் கடையில் சீவி வந்த பிறகு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக முறுக்கச் சொன்னதும் நீங்களே. "டைமிங் பெல்ட் எப்படியும் கழட்டியாச்சு, வாட்டர் பம்ப்பையும் இப்பவே மாத்திடு" என்றது பெரிய உதவி. பிளக் வயர் குழம்பாமல் இருக்க, சிலிண்டர்கள் எரியும் வரிசையை 1-3-4-2 என்று சுவரில் சாக்பீஸால் எழுதினீர்களே, அம்மா அதை அழிக்க விடமாட்டேன் என்கிறார்!

காசு வாங்கவில்லை, பால் இல்லாத ஒரு கோப்பி ஓ மட்டும். பெயர் கேட்டால் சிரிப்பு. அண்ணே, போல்ட்டை அளவாக முறுக்கும் உங்கள் டார்க் ரெஞ்ச் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.